கனடா ஐக்கிய திருச்சபையும் பூர்வகுடி மக்களும்: நல்லிணக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் கனடா ஐக்கிய திருச்சபையின் சபைகளுக்குப் போகும் தமிழர்கள் பூர்வகுடி மக்களுடனான நல்லிணக்கம் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. யூன் மாதத்துப் பூர்வகுடி ஜெபநாள் வரும்போதும், வதிவிடப் பாடசாலைகளில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளை நினைவுகூரும் செப்ரெம்பர் 30 ஐ ஒட்டிப் போதகர் அதன் அடையாளமான செம்மஞ்சள் சட்டையோடு பிரசங்க பீடத்தில் நிற்கும்போதும் அவை மறுபடி எழுகின்றன. கேட்பவர்கள் பகையோடு கேட்பதில்லை. தெளிவான பதில் தமிழில் கிடைக்காததால்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றைப் பதிலாகத் தருகிறேன்.

இந்தத் திருச்சபை அப்படி என்னதான் செய்துவிட்டது? அதை முதலில் சொல்லுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கி 1990களின் பிற்பகுதி வரை கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென வதிவிடப் பாடசாலைகள் நடந்தன. அரசு பணம் கொடுத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றைத் திருச்சபைகள் நடத்தின. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் அவற்றினூடாகச் சென்றார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் அங்கிலிக்கன் திருச்சபையும் அதிக எண்ணிக்கையில் நடத்தின. மெதடிஸ்த, கொங்கிரகேஷனல் சபைகளும் பிரெஸ்பிற்றேரியன் சபையின் பெரும்பகுதியும் ஒன்றிணைந்து 1925 இல் ஐக்கிய திருச்சபை உருவானபோது, அந்தச் சபைகள் நடத்திய பாடசாலைகளும் அதன் பொறுப்புக்கு வந்தன. அல்பேர்ணி, பிராண்டன், எட்மன்ரன், நோர்வே ஹவுஸ், மவுண்ட் எல்ஜின் ஆகியவை அவற்றில் சில.

1920 இல் பூர்வகுடிகளுக்கான சட்டம் திருத்தப்பட்டு, பிள்ளைகளைக் கட்டாயமாக இப்பாடசாலைகளுக்கு அனுப்பும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. சேர்ந்த அன்றே முடி வெட்டப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை. ஒரே பாடசாலையில் இருந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளக்கூட முடியாத நிலை பல இடங்களில் இருந்தது. போதிய உணவில்லை, காசநோய் பரவியது. அரசின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பீற்றர் பிரைஸ், மேற்குப் பகுதியின் பாடசாலைகளைப் பார்வையிட்டு 1907 இல் கொடுத்த அறிக்கையிலேயே, தமக்குத் தகவல் கிடைத்த பிள்ளைகளில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இறந்துவிட்டார்கள் என்று எழுதினார். ஆகவே தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல இடமில்லை. உடல்ரீதியான, பாலியல்ரீதியான வன்கொடுமைகள் நடந்ததும் பிற்காலத்தில் நீதிமன்றங்களில் நிரூபிக்கப்பட்டது. இப்பாடசாலைகளின் வரலாற்றை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015 இல் இந்த முறைமை முழுவதையும் கலாசார இனப்படுகொலை என்று வரையறுத்தது.

அங்கே படிப்புத்தானே கொடுத்தார்கள்? வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் மிஷன் பாடசாலைகளில் படித்த நாங்கள் மிஷனரிமாரை நன்றியோடு அல்லவா நினைக்கிறோம்?

யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அந்த நன்றி உண்மையானது; அதைக் கைவிடும்படி யாரும் கேட்கவில்லை. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824 இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையும் விடுதிப் பாடசாலைகள்தாம். ஆனால் வட்டுக்கோட்டையில் தமிழும் தமிழ் இலக்கியமும் பாடமாக இருந்தன. பிள்ளையைச் சேர்ப்பதா இல்லையா என்பது பெற்றோரின் முடிவு. பொலிஸ்காரர் வீட்டு வாசலில் வந்து நின்று பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. படித்து வெளியேறியவர்கள் தமிழிலேயே அகராதியும் பத்திரிகையும் பதிப்பும் செய்தார்கள். கனடாவில் இந்த மூன்றும் நேர்மாறாக இருந்தன: மொழியை அழிப்பதே நோக்கம், பெற்றோருக்கு உரிமையில்லை, படிப்பும் குறைவு. 1950களின் தொடக்கம் வரை பல பாடசாலைகளில் அரைநாள் வகுப்பு, அரைநாள் வயல்வேலை, சலவை, சமையல் என்ற ஏற்பாடுதான் நடந்தது.

எங்கள் ஊரிலும் எல்லாம் குறையற்றதாக இருந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் பணம் அனுப்பிய கொடையாளர்களின் பெயர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. நாவலர் போன்றோர் மிஷன் கல்வியை எதிர்த்ததற்கும் காரணங்கள் இருந்தன. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவு நமக்கு இருக்கும்போது, பூர்வகுடிப் பெற்றோருக்கு அந்தத் தெரிவு முழுவதுமே மறுக்கப்பட்டது எவ்வளவு பெரிய அநீதி என்பது விளங்க வேண்டும்.

ரயர்சன் பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றியதும் இதனால்தானா?

ஆம். எஜர்ட்டன் ரயர்சன் ஒன்ராறியோவின் பொதுக் கல்விமுறையை உருவாக்கியவர். கூடவே ஒரு மெதடிஸ்தப் போதகர். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மத போதனையும் விவசாய வேலையும் இணைந்த விடுதிப் பாடசாலைகள் வேண்டும் என்று 1847 இல் அவர் அரசுக்கு எழுதிக் கொடுத்த பரிந்துரை பிற்காலத்து முறைமைக்கு அடித்தளங்களில் ஒன்றாயிற்று. 2021 யூனில் அவருடைய சிலை வீழ்த்தப்பட்டது. 2022 இல் பல்கலைக்கழகம் ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் ஆயிற்று. நம் பிள்ளைகள் பலர் பட்டம் பெற்ற இடம் அது என்பதால் இந்தக் கேள்வி வருகிறது. அவர் நமது திருச்சபையின் முன்னோர் வரிசையில் உள்ளவர் என்பதையும் சேர்த்து நினைவில் வைப்பது நல்லது.

மன்னிப்புக் கேட்கும் எண்ணம் திருச்சபைக்குத் தானாக வந்ததா, அல்லது யாராவது கேட்டுக்கொண்டார்களா?

கேட்டுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வீ வை கை முதற்குடி என்னும் பூர்வகுடிச் சமூகத்தைச் சேர்ந்த அல்பேர்ட்டா பில்லி திருச்சபையின் தேசிய நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். நீங்கள் எங்கள் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அந்தக் குழுவில் எழுந்து சொன்னவர் அவர்தான். அவருடைய பெயர் நம் சபைகளில் அரிதாகவே உச்சரிக்கப்படுகிறது. மன்னிப்பை வாசித்தவரின் பெயரைவிட அதைக் கேட்கத் துணிந்தவரின் பெயரைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1986 ஓகஸ்ட் 15 அன்று, ஒன்ராறியோவின் சட்பரி நகரில், லோரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் திருச்சபையின் உச்ச மன்றமான பொதுப் பேரவை கூடியிருந்தது. வாகனத் தரிப்பிடத்தில் கூம்புக் கூடாரம் ஒன்று அமைக்கப்பட்டு, அதனுள்ளே பூர்வகுடி மூத்தோர் அமர்ந்திருந்தார்கள். பேரவை மன்னிப்புக் கேட்பதென்று முடிவெடுத்ததும், திருச்சபையின் தலைவரான அப்போதைய மொடரேற்றர் பொப் ஸ்மித் மண்டபத்திலிருந்து அவர்கள் இருந்த இடத்துக்குச் சென்று அதைச் சொன்னார். நாங்கள் இங்கே வருமுன்னரே உங்களிடம் ஆழமான ஆன்மிகம் இருந்தது, நீங்கள் பகிர்ந்தபோது நாங்கள் செவிகொடுக்கவில்லை, மேற்கத்தேய வாழ்க்கைமுறையை நற்செய்தியோடு குழப்பிக்கொண்டு அதையே நிபந்தனையாக உங்கள்மேல் சுமத்தினோம் என்பதே அதன் சாரம். கனடாவின் பெரிய திருச்சபைகளில் பூர்வகுடி மக்களிடம் முதன்முதலில் மன்னிப்புக் கேட்டது இதுவே.

அவர்கள் மன்னித்துவிட்டார்களா?

இல்லை. பலரும் இதைக் கேட்டுத் திகைக்கிறார்கள். அன்றைய தினம் மகிழ்ச்சியும் கொண்டாட்டமும் இருந்தன. ஆனால் முறையான பதிலைச் சொல்ல அவர்கள் காலம் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகளின் பின், 1988 இல் விக்ரோறியாவில் கூடிய பொதுப் பேரவையில், திருச்சபையின் பூர்வகுடிச் சபைகள் சேர்ந்து புதிதாக அமைத்திருந்த அனைத்துப் பூர்வகுடி வட்டத்தின் சார்பில் ஈடித் மெம்னூக் பதிலளித்தார். மன்னிப்புக் கேட்கப்பட்டதை அறிந்துகொண்டோம் என்றார். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்லவில்லை. அந்தச் சொற்கள் வெறும் அடையாளமாக நின்றுவிடாமல் செயலாக மாறும் என்று நம்பி ஜெபிக்கிறோம் என்றார்.

மன்னிப்புக் கேட்ட இடத்தில் கற்களை அடுக்கி ஒரு நினைவுக் குவியல் எழுப்பப்பட்டிருந்தது. அது வேண்டுமென்றே முடிக்கப்படாமல் விடப்பட்டுள்ளது. மன்னிப்பின்படி திருச்சபை நடந்துகொள்ளும்போது மேலும் கற்கள் சேர்க்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. மன்னிப்புக் கேட்டவர் கணக்கை மூடிவிட முடியாது, அது எப்போது தீரும் என்று சொல்லும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே உரியது என்பதை இந்தத் திருச்சபை ஒரு பொது இடத்தில் கல்லால் ஒப்புக்கொண்டிருக்கிறது. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றையும் இதை மனதில் வைத்தே வாசிக்க வேண்டுகிறேன்.

1986 இலேயே கேட்டாயிற்றே, பிறகு 1998 இல் ஏன் இன்னொரு மன்னிப்பு?

முதல் மன்னிப்பு மிஷன் வேலையின் மனப்பான்மையைப் பற்றியது. அதில் வதிவிடப் பாடசாலைகள் என்ற சொல்லே இல்லை. 1990களில் முன்னாள் மாணவர்கள் தங்களுக்கு நடந்ததை வெளியே சொல்லத் தொடங்கினார்கள். அல்பேர்ணிப் பாடசாலையின் விடுதிக் கண்காணிப்பாளர் ஒருவர் சிறுவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்காக 1995 இல் தண்டிக்கப்பட்டார். அதன் பின் பாதிக்கப்பட்டவர்கள் அரசுக்கும் திருச்சபைக்கும் எதிராக வழக்குத் தொடுத்தார்கள். 1997 இல் கம்ரோசில் கூடிய பொதுப் பேரவை மனவருத்தம் தெரிவித்ததே ஒழிய மன்னிப்பு என்ற சொல்லைத் தவிர்த்தது. சட்டப் பொறுப்புக்குப் பயந்து சொற்களை அளந்து பேசிய அந்தத் தீர்மானம் பாதிக்கப்பட்டவர்களை மேலும் புண்படுத்தியது. அதை இந்தத் திருச்சபையின் வரலாற்றில் வெட்கப்பட வேண்டிய தருணமாகவே நான் பார்க்கிறேன்.

1998 ஒக்ரோபர் 27 அன்று மொடரேற்றர் பில் பிப்ஸ், முன்னாள் மாணவர்களிடமும் அவர்களுடைய குடும்பங்களிடமும் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். வன்கொடுமைக்கு உள்ளானவர்களை நோக்கி, நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று அதில் சொல்லப்பட்டது. வழக்கு தொடர்ந்தது, 2005 இல் கனடா உச்ச நீதிமன்றம் பொறுப்பில் 75 வீதம் அரசுக்கும் 25 வீதம் திருச்சபைக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது.

மற்றத் திருச்சபைகள் மன்னிப்புக் கேட்கவில்லையா?

அங்கிலிக்கன் திருச்சபை 1993 இலும் பிரெஸ்பிற்றேரியன் திருச்சபை 1994 இலும் கேட்டன. போப்பாண்டவர் பிரான்சிஸ் 2022 ஏப்ரலில் வத்திக்கானில் கேட்டு, பிறகு யூலையில் அல்பேர்ட்டாவின் மஸ்குவாசிஸ் என்னும் இடத்துக்கு நேரில் வந்தும் கேட்டார். யார் முந்தினார்கள் என்பது பெருமைக்குரிய விடயமல்ல. முந்தியவர்களுக்குச் செய்து காட்ட அதிக காலம் கிடைத்தது என்பதால் கணக்கும் அவர்களிடம் அதிகமாகவே கேட்கப்படும்.

சரி, வாய்ச்சொல்லுக்கு மேலாக என்ன செய்தார்கள்? பணம் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள், கொடுக்கவும் நீதிமன்றம் ஓரளவுக்கு வற்புறுத்தியது. 1994 இல் திருச்சபை குணமாக்கல் நிதி ஒன்றை ஏற்படுத்தி, மொழி, சடங்கு, ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றுக்காகப் பூர்வகுடிச் சமூகங்கள் தாங்களே வகுத்த திட்டங்களுக்கு உதவத் தொடங்கியது. 2006 இல் கையெழுத்தாகி 2007 இல் நடைமுறைக்கு வந்த வதிவிடப் பாடசாலைகள் உடன்படிக்கையில் அரசோடு திருச்சபைகளும் தரப்பினர். அதன்படி முன்னாள் மாணவர் ஒவ்வொருவருக்கும் முதல் ஆண்டுக்கு 10,000 டொலரும், பின்வந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 3,000 டொலரும் வழங்கப்பட்டன. வன்கொடுமைக்கு உள்ளானவர்களுக்குத் தனியான நடைமுறை இருந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பிறந்ததும் இந்த உடன்படிக்கையிலிருந்துதான்.

பணத்துக்கு நிகரான இன்னொன்று ஆவணங்கள். பாடசாலைப் பதிவேடுகள், கடிதங்கள், புகைப்படங்கள் ஆகியவை திருச்சபையின் ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. அவற்றைத் தேடி, பிரதியெடுத்து, ஆணைக்குழுவிடமும் பின்னர் வினிபெக்கில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்திடமும் ஒப்படைத்தார்கள். தன் பாட்டி எந்த வயதில், எந்தப் பாடசாலையில் சேர்க்கப்பட்டாள் என்று தேடும் ஒருவருக்குப் பதிவேட்டின் ஒரு வரி எவ்வளவு பெறுமதியானது என்பதை, போரில் ஆவணங்களை இழந்த நமக்கு விளக்கத் தேவையில்லை. கட்டடங்களை விற்கும்போது வரும் தொகையில் ஒரு பங்கைப் பூர்வகுடி ஊழியங்களுக்கு ஒதுக்கும் வழக்கமும் சில மண்டலங்களில் வந்திருக்கிறது. என் பார்வையில் இதை எல்லா இடங்களிலும் கட்டாயமாக்க வேண்டும். ஏனெனில் அந்தக் கட்டடங்கள் நிற்கும் நிலம் யாருடையது என்பதே அடிப்படைக் கேள்வி.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு செயலுக்காக விடுத்த 94 அழைப்புகளில் திருச்சபைகளுக்கு உரியவை எவை?

முக்கியமாக 58 முதல் 61 வரை. 58 ஆவது அழைப்பு போப்பாண்டவரின் மன்னிப்பைக் கேட்டது. மற்ற மூன்றும் எல்லாத் தரப்புத் திருச்சபைகளுக்கும் உரியவை: சபை மக்களுக்கு இந்த வரலாற்றைக் கற்பித்தல், இறையியல் மாணவர்களுக்குப் பூர்வகுடி ஆன்மிகத்தை மதிக்கக் கற்றுக்கொடுத்தல், பூர்வகுடிச் சமூகங்களின் குணமாக்கலுக்கும் மொழி மீட்புக்கும் நிரந்தர நிதி ஒதுக்குதல். இவை தவிர, பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் பிரகடனத்தை நல்லிணக்கத்தின் சட்டகமாக ஏற்கும்படி 48 ஆவது அழைப்பு கேட்டது. அதற்கு விதித்த கெடு 2016 மார்ச் 31. ஐக்கிய திருச்சபை அந்தக் கெடுவுக்குள் ஏற்று அறிவித்தது. 49 ஆவது அழைப்புக்கு அடுத்த கேள்வியில் வருகிறேன்.

கண்டுபிடிப்புக் கோட்பாடு என்கிறார்களே, போப்பாண்டவர்கள் எழுதிய பழைய சாசனங்களுக்கும் புரட்டஸ்தாந்துச் சபையான நமக்கும் என்ன சம்பந்தம்?

1455 இலும் 1493 இலும் வெளியான போப்பாண்டவர் சாசனங்கள், கிறிஸ்தவர் அல்லாதோர் வாழும் நிலங்களைக் கைப்பற்ற ஐரோப்பிய மன்னர்களுக்கு உரிமை இருப்பதாகக் கூறின. புரட்டஸ்தாந்து இங்கிலாந்தும் அதே தர்க்கத்தில்தான் நடந்தது. 1823 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைச் சட்டக் கோட்பாடாக்கியது. 1888 இல் ஒன்ராறியோ நிலம் பற்றிய வழக்கொன்றில் அப்போது கனடாவுக்கும் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டனின் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பும், பூர்வகுடிகளுக்கு நிலத்தில் இருப்பது பிரித்தானிய முடியாட்சியின் தயவால் கிடைத்த அனுபவ உரிமை மட்டுமே என்ற நிலைக்கு வந்தது. ஆளில்லாத நிலத்தில் கோயில் கட்டினோம் என்ற நினைப்பு நம் மிஷன் வரலாறு முழுவதிலும் ஊறிக் கிடக்கிறது. அதுதான் சம்பந்தம்.

இக்கோட்பாட்டை நிராகரிக்கும்படி கேட்டதுதான் 49 ஆவது அழைப்பு. ஐக்கிய திருச்சபை அதற்கு முன்பே, 2012 மார்ச்சில் அதை நிராகரித்தது. வத்திக்கான் 2023 மார்ச்சில் நிராகரித்தது. அதே 2012 இல், ஒட்டாவாவில் கூடிய பொதுப் பேரவை திருச்சபையின் சின்னத்தையும் மாற்றியது. பூர்வகுடி மரபின் அடையாளங்களில் ஒன்றான மருத்துவச் சக்கரத்தின் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை நிறங்கள் அதில் சேர்க்கப்பட்டன. எல்லோரும் எமது உறவுகள் என்ற பொருள்படும் மொஹோக் மொழிச் சொற்றொடர் ஒன்றும் பொறிக்கப்பட்டது.

ஆராதனையில் புல்லையும் இலையையும் எரித்துப் புகை காட்டுகிறார்கள். இது விக்கிரக ஆராதனை இல்லையா?

இதை மெதுவான குரலில், மனச்சாட்சியோடு கேட்கிறார்கள். ஆகவே மனச்சாட்சியோடு பதில் சொல்ல வேண்டும். நீங்கள் பார்ப்பது புகையூட்டும் சடங்கு. நறுமணப் புல், சேஜ் இலை, சீடர் இலை, புகையிலை ஆகிய நான்கும் பல பூர்வகுடி மக்களுக்குப் புனிதமான மூலிகைகள். அவற்றுள் சிலவற்றை ஒரு சிப்பியிலோ கிண்ணத்திலோ வைத்துக் கொளுத்தி, எழும் புகையைக் கைகளால் அள்ளிக் கண்ணிலும் காதிலும் வாயிலும் நெஞ்சிலும் பூசிக்கொள்வார்கள். நன்றாகப் பார்க்கவும் கேட்கவும் பேசவும் மனம் தூய்மையாகட்டும் என்ற வேண்டுதல் அது. எந்த உருவமும் வணங்கப்படுவதில்லை. விருப்பமில்லாதவர் அமைதியாக விலகி நிற்கலாம். அதை யாரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை.

இவ்வாறான சடங்குகளைக் கனடா சட்டத்தால் தடை செய்தது. மேற்குக் கரையின் பொட்லாச் விழாவுக்கான தடை 1885 முதல் 1951 வரை நீடித்தது. திருச்சபைகள் அதை ஆதரித்தன. 1986 இன் மன்னிப்பு இதற்காகவே கேட்கப்பட்டது; அந்த மன்னிப்பை வாசித்துவிட்டுப் புகையைக் கண்டு முகம் சுளித்தால் மன்னிப்புக்குப் பொருளில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கருநாடக இராகங்களில் கிறிஸ்துவைப் பாடினார். தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் இன்று குத்துவிளக்கு ஏற்றப்படுகிறது. அவற்றை நமக்கு அனுமதித்துக்கொண்டு மற்றவர்களுக்கு மறுப்பது நேர்மையாகாது.

இவ்வளவு கொடுமைக்குப் பிறகும் பூர்வகுடிகள் ஏன் இந்தத் திருச்சபையில் இருக்கிறார்கள்?

கிறிஸ்தவம் அவர்களுக்கு வெறுமனே திணிக்கப்பட்டது என்று நினைப்பதும் அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதே. ரொறன்ரோவை அடுத்த கிரெடிற் ஆற்றங்கரையில் வாழ்ந்த மிசிசாகா மக்களுக்கு 1820களிலேயே அவர்கள் மொழியில் பிரசங்கித்தவர், ககேவகுவோனபி என்ற தம் மக்களில் ஒருவர். ஆங்கிலத்தில் பீற்றர் ஜோன்ஸ் எனப்பட்டார். பாடசாலைகள் வேண்டும் என்று அவரும் கேட்டார், அதற்காகப் பிரித்தானியா சென்று பணமும் திரட்டினார். ஆனால் அவை பூர்வகுடிகளால் நடத்தப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். அந்த விருப்பம் நிறைவேறவில்லை. பணம் மட்டும் பயன்பட்டது.

இன்றும் பல பூர்வகுடிச் சபைகள் இத்திருச்சபையில் உள்ளன. மானிற்றோபாவின் ஃபிஷர் றிவர் கிறீ முதற்குடியைச் சேர்ந்த ஸ்ரான் மக்கே, வதிவிடப் பாடசாலையில் வளர்ந்தவர், 1992 இல் மொடரேற்றர் ஆனார். அப்பதவிக்கு வந்த முதல் பூர்வகுடி அவரே. 2022 இல் ஹெயில்ற்சுக் முதற்குடியைச் சேர்ந்த கார்மன் லான்ஸ்டவுண் தெரிவானார். பூர்வகுடிப் பெண்களில் அவரே முதல்வர். தாங்கள் விட்டுப்போக வேண்டிய வீடல்ல இது, தங்களுக்கும் உரிய வீடு என்று அவர்கள் நினைத்தால், அது நாம் கேள்வி கேட்க வேண்டிய விடயமல்ல.

பூர்வகுடிகளுக்குத் தனி அமைப்பு வேண்டும் என்கிறார்கள். ஒப்புரவு என்று சொல்லிவிட்டுப் பிரிந்துபோவதா?

இதுதான் சபைக் கூட்டங்களில் மிகவும் சிக்கலாகும் கேள்வி. 1988 இல் உருவான அனைத்துப் பூர்வகுடி வட்டம் தன்னாட்சி நோக்கிய முதற்படி. 2018 இல் ஒஷாவாவில் கூடிய பொதுப் பேரவையில், பூர்வகுடிச் சபைகளைச் சேர்ந்தவர்கள் தங்கள் மூத்தோரோடும் சபைகளோடும் கலந்து தயாரித்த அழைப்புகளை முன்வைத்தார்கள். யாரை ஊழியராக நியமிப்பது, பணத்தை எப்படிச் செலவிடுவது, எந்த வடிவில் கூடுவது என்பவற்றைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பது அவற்றின் அடிநாதம். அதற்குத் தடையாக இருக்கும் திருச்சபைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி எல்லாச் சபைகளிடமும் வாக்குக் கேட்க 2022 இல் முடிவெடுக்கப்பட்டது.

இது பிரிவினை அல்ல. 1988 இன் பதிலை நினைத்துப் பாருங்கள்: செயலாக மாறட்டும் என்றார்கள். மற்றவர்களின் வாழ்வைத் தான் தீர்மானிக்கும் பழக்கமே வதிவிடப் பாடசாலைகளின் வேர். அந்த அதிகாரத்தைக் கைவிடாமல் வேறு எதைச் செய்தாலும் அது தர்மம் கொடுப்பதாகவே முடியும். தங்கள் விடயங்களைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமைக்காக எத்தனையோ ஆண்டுகள் பேசிய ஒரு சமூகம், அதே கோரிக்கையை இன்னொருவர் வைக்கும்போது ஒற்றுமை குலையும் என்று அஞ்சுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கம்லூப்ஸில் புதைகுழியே தோண்டப்படவில்லை, எல்லாம் பொய் என்று யூரியூப்பில் சொல்கிறார்களே?

அங்கே நடந்ததைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில் இருந்தது கத்தோலிக்கர் நடத்திய வதிவிடப் பாடசாலை. 2021 மே மாதத்தில், நிலத்தை ஊடுருவும் ராடாரைக் கொண்டு 215 பிள்ளைகளின் எச்சங்கள் கண்டறியப்பட்டதாக அவ்வூர் முதற்குடி அறிவித்தது. பின்னர் அது 200 புதைகுழிகள் இருக்கக்கூடும் எனத் திருத்தப்பட்டது. ராடார் மண்ணில் ஏற்பட்ட குலைவைக் காட்டும், எலும்பைக் காட்டாது. தோண்டுவதா என்பதை முடிவெடுக்க வேண்டியது அந்தச் சமூகமே. காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மாரை அறிந்த நாம் அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ள முடியும். ஆனால் பிள்ளைகள் இறந்தார்கள் என்பதற்கு ராடார் தேவையில்லை. அரசினதும் திருச்சபைகளினதும் சொந்தப் பதிவேடுகளிலிருந்தே 4,100க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்களைத் தேசிய மையம் தொகுத்திருக்கிறது.

நமது திருச்சபை நடத்திய பிராண்டன் பாடசாலையைப் பாருங்கள். சூ வலி டக்கோட்டா முதற்குடி, பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, மூன்று இடுகாடுகளில் 104 புதைகுழிகள் இருக்கக்கூடும் என்று கண்டறிந்தது; அவற்றில் 78 ஐ அடக்கப் பதிவுகளைக் கொண்டு அடையாளம் காணலாம் என்றும் சொன்னது. பொய் என்று சொல்பவர்களிடம் கம்லூப்ஸை விட்டுவிட்டுப் பிராண்டனைப் பற்றிக் கேளுங்கள்.

இறந்த பிள்ளைகளுக்காக ஏதாவது ஒரு சபை உண்மையில் எதையாவது செய்திருக்கிறதா?

செய்திருக்கிறது. அல்பேர்ட்டாவின் ரெட் டியரில் மெதடிஸ்தர்கள் 1893 முதல் 1919 வரை ஒரு தொழிற் பாடசாலை நடத்தினார்கள். 1918 இன் கொள்ளைக் காய்ச்சல் அங்கும் வந்தது. அதிபர் ஜே. எஃப். வூட்ஸ்வேர்த் அரசுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நோயாளரைப் பிரித்து வைக்க அறையில்லை. இறந்தவர்களும் இறந்துகொண்டிருந்தவர்களும் நோயாளரும் தேறிக்கொண்டிருந்தவர்களும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். இந்த நிலைமை குற்றச்செயலுக்குக் குறைந்ததல்ல என்று அவர் எழுதினார். இறந்த பிள்ளைகளுக்கு ஏழை அநாதைக்குச் செய்வது போன்ற அடக்கமே செய்விக்கப்பட்டது. ஒரு குழிக்கு இருவர். பாடசாலை மூடப்பட்டபின் இடுகாட்டில் காடு மண்டியது.

பல பத்தாண்டுகளின் பின் அந்நகரின் சன்னிபுரூக் ஐக்கிய திருச்சபை, நகர அருங்காட்சியகத்தோடு சேர்ந்து பதிவேடுகளைத் தேடத் தொடங்கியது. பிள்ளைகள் எந்தெந்த ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள் என்று கண்டறிந்து அந்தச் சமூகங்களைத் தேடிச் சென்றார்கள். 2010 யூனில் அச்சமூகங்களின் முறைப்படி நினைவு விருந்து ஒன்று நடந்தது; 300க்கும் மேற்பட்ட மாணவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. சடங்கை எப்படிச் செய்வது என்பதை முதற்குடி மூத்தோரும், பூர்வகுடி, ஐரோப்பியர் இரு வழியிலும் வந்த மேற்ரி மக்களின் மூத்தோருமே முடிவுசெய்தார்கள். ஒரு சாதாரண ஞாயிறு சபையால் செய்யக்கூடிய வேலை இது என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் 1983க்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். வெள்ளைக்காரர் செய்ததற்கு நாங்கள் ஏன் பொறுப்பு?

நீங்கள் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. ரொறன்ரோவின் நிலம் மிசிசாகா மக்களிடமிருந்து வாங்கப்பட்டதாகச் சொல்லப்படும் 13 ஆவது ஒப்பந்தம் 1805 இல் பத்து ஷில்லிங்குக்கு உறுதி செய்யப்பட்டது. அது நியாயமற்றது என்ற கோரிக்கை 2010 இல்தான் 145 மில்லியன் டொலருக்குத் தீர்க்கப்பட்டது. மாநகரத்தோடு தொடர்புடைய மற்றொரு தொகுதி 1923 இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள்; அவற்றால் ஏழு முதற்குடிகள் வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமைகளை இழந்தன. அந்த அநீதி 2018 இல் 1.1 பில்லியன் டொலர் உடன்பாட்டோடும் அரசின் மன்னிப்போடும் தீர்க்கப்பட்டது. நாம் வீடு வாங்கியதும் கோயில் கட்டியதும் இந்த ஒப்பந்தங்களின் பலனாகத்தான்.

2021 யூனிலிருந்து குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்திலேயே முதற்குடிகள், வடதுருவப் பகுதியின் இன்யுயிற், மேற்ரி மக்களின் உரிமைகள் குறிப்பிடப்படுகின்றன. அது ஆணைக்குழுவின் 94 ஆவது அழைப்பு. புதிதாக வருபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கையை உயர்த்தி அதைச் சொல்லிக் குடியுரிமை பெற்றவர் அந்த ஒப்பந்தங்களில் ஒரு தரப்பினராகிறார்.

இது எந்தப் பூர்வகுடி மக்களின் நிலம் என்று ஆராதனைத் தொடக்கத்தில் வாசிக்கும் நில அறிக்கை வெறும் சம்பிரதாயம்தானே?

வாசிப்பதோடு நின்றால் சம்பிரதாயமே. மக்களின் பெயர்களைச் சரியாக உச்சரிக்கப் பழகுவது, எந்த ஒப்பந்தம் என்று தெரிந்து சொல்வது, அந்த வாரத்தில் அவர்கள் கேட்கும் ஒன்றைச் சபை செய்வது ஆகியவை சேர்ந்தால் அதற்கு உயிர் வரும். பூர்வகுடிகள் ஒரு காலத்தில் இங்கே வாழ்ந்தார்கள் என்று இறந்தகாலத்தில் எழுதப்பட்ட அறிக்கைகளைத் தயவுசெய்து திருத்துங்கள். இன்று ரொறன்ரோவிலேயே பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள்.

எங்கள் தமிழ்ச் சபையில் எதில் தொடங்கலாம்? அதோடு, முன்னாள் மாணவர் ஒருவர் பேச வந்தால் எப்படி நடந்துகொள்வது?

போர்வைப் பயிற்சி நல்ல தொடக்கம். திருச்சபைகளின் கூட்டமைப்பான கைரோஸுக்கு முன்னோடியாக இருந்த அமைப்பு பூர்வகுடி மூத்தோரோடு சேர்ந்து 1997 இல் உருவாக்கியது இது. மண்டபத் தரையில் போர்வைகளை விரித்து, அவை நிலமென்று கொள்வார்கள். எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டு அவற்றின்மேல் நடப்பார்கள். ஒப்பந்தம், நோய், சட்டம், பாடசாலை என்று வரலாறு வாசிக்கப்பட வாசிக்கப்படப் போர்வைகள் மடிக்கப்படும், சிலர் விலக்கப்படுவார்கள், நிற்பவர்கள் கால் வைக்க இடமின்றி ஒடுங்குவார்கள். நம் மூத்தவர்கள் இதில் கலந்துகொண்டால் இடம்பெயர்ந்த நாட்கள் திரும்ப வரக்கூடும். ஆகவே முடிந்தபின் வட்டமாக இருந்து பேச நேரம் ஒதுக்குங்கள், பயிற்சி பெற்ற பூர்வகுடி வழிநடத்துநர் இல்லாமல் செய்யாதீர்கள், அவருக்குரிய ஊதியத்தையும் கொடுங்கள்.

பேச வருபவரிடம் கொடுமையின் விவரங்களைத் துருவிக் கேட்கக் கூடாது. எவ்வளவு சொல்வது என்பது அவர் முடிவு. மன்னித்துவிட்டீர்களா என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. காரணம் மேலே சொல்லப்பட்டுவிட்டது. அவர் மூத்தவராக இருந்தால், அழைக்கும்போது புகையிலை கொடுத்து அழைப்பது அவருடைய மக்களின் வழக்கமா என்று முன்கூட்டியே கேட்டறியுங்கள். பேச்சு முடிந்ததும் உணவு பரிமாறி, உடன் வந்த குடும்பத்தாரோடும் இருந்து சாப்பிட்டு, வாகனம் வரை சென்று வழியனுப்புங்கள்.